பாலிவுட் நடனம் கற்க எங்கே சேரலாம்? வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

லண்டன், டொராண்டோ, நியூ ஜெர்சி என்று எந்த ஊரிலிருந்து தேடினாலும், 'பாலிவுட் டான்ஸ் கிளாஸ்' என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து விஷயங்கள் வந்து நிற்கும். டெர்ம் கணக்கில் பணம் வாங்கி, கடைசியில் மேடையேற்றும் நடனப் பள்ளி. ஜிம்மில் உடற்பயிற்சிக்காக நடத்தும் வகுப்பு. கல்யாணத்துக்கு முன் நடக்கும் பாட்டு, ஆட்டக் கொண்டாட்டமான சங்கீத்துக்கு ஆட்டம் அமைத்துத் தருபவர். பல்கலைக்கழகப் போட்டிக் குழு. அப்புறம் யூடியூப். எதில் சேரலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: பாட்டு நின்ற பிறகு உங்களிடம் என்ன மிஞ்ச வேண்டும்? ஒரு பாட்டுக்கான ஸ்டெப்களா, உடல் நலமா, ஒரு நண்பர் கூட்டமா, இல்லை எந்தப் பாட்டு போட்டாலும் தயங்காமல் ஆடும் உடம்பா? நான்குமே நல்ல ஆசைகள்தான். ஆனால் ஒன்றுக்கான இடத்தில் இன்னொன்றைத் தேடிப் போனால் பணமும் உற்சாகமும் சேர்ந்தே கரைந்துவிடும்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், இந்தி சினிமா நடனம் ஒரே நடனமாக என்றைக்கும் இருந்ததில்லை என்பதுதான். 1950, 60களில் பம்பாயிலும் சென்னையிலும் மாறி மாறி வேலை செய்த ஹீராலால், சோஹன்லால் சகோதரர்கள் ஜெய்ப்பூரிலிருந்து வந்த கதக் கலைஞர்கள். 1958இல் வந்த 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தில் பத்மினியும் வைஜெயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடும் ஆட்டத்தை அமைத்தவர் ஹீராலால். சோஹன்லாலிடம் உதவியாளராக இருந்து வளர்ந்தவர் சரோஜ் கான். 1988இல் 'தேசாப்' படத்தில் மாதுரி தீட்சித்துக்கு அவர் அமைத்த 'ஏக் தோ தீன்' அடைந்த வெற்றியால்தான் ஃபிலிம்ஃபேர் விருதுகளில் நடன அமைப்புக்கென்று ஒரு பிரிவே உருவானது. அதற்குப் பத்தாண்டுக்குள் நடன அமைப்பாளர் ஷியாமக் தாவர் 'தில் தோ பாகல் ஹை' படத்துக்கு ஜாஸ் பயிற்சி பெற்ற உடல்களைக் கொண்டுவந்து தேசிய விருது வாங்கினார். இதற்கு நடுவே நடிகை ஹெலனின் காபரே, பஞ்சாபின் பாங்ரா, குஜராத்தின் கர்பா, மராத்தி லாவணி, டிஸ்கோ, ஹிப் ஹாப் எல்லாம் உள்ளே வந்து தங்கிவிட்டன. ஆகவே 'பாலிவுட்' என்று பெயர்ப்பலகை வைத்த வகுப்பு இவற்றில் எதைக் கற்றுத்தருகிறது என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் ஓட்டு பெரும்பாலும் நடனப் பள்ளிக்குத்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. மும்பையில் தொடங்கிய ஷியாமக் தாவரின் பள்ளிக்கு இன்று வெளிநாடுகளிலும் வகுப்புகள் உண்டு, வான்கூவரும் டொராண்டோவும் அதில் அடக்கம். 2006இல் மெல்போர்ன் காமன்வெல்த் போட்டிகளின் நிறைவு விழாவில் இந்தியாவின் பகுதிக்கு நடனம் அமைத்தவரும் அவர்தான். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் நகுல் தேவ் மகாஜன் 2003இல் தன் பள்ளியைத் தொடங்கினார். 2008இல் அமெரிக்காவின் ஒரு பெரிய தொலைக்காட்சி நடனப் போட்டியில் பாலிவுட் நடனத்தை மேடையேற்றினார். 2013 தீபாவளியை ஒட்டி வெள்ளை மாளிகையில் மிஷெல் ஒபாமாவும் மாணவர்களும் கலந்துகொண்ட பாலிவுட் வகுப்பை நடத்தியதும் அவர்தான். இவை பெரிய பெயர்கள். ஊருக்கு ஊர் அதிகம் இருப்பவை, சர்ச் ஹாலையோ கம்யூனிட்டி சென்டரையோ வாடகைக்கு எடுத்து வாரம் ஒருநாள் நடத்தும் சின்னப் பள்ளிகள். அவற்றில் சில, பெரிய பள்ளிகளைவிடப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கின்றன.

நல்ல வகுப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு காட்சியைச் சொல்கிறேன். 'தேவ்தாஸ்' படத்துப் பாணியில் ஒரு மெதுவான பாட்டு. கையை நெற்றிக்கு மேலே கொண்டுபோய் மணிக்கட்டைச் சுழற்றி இறக்க வேண்டும், நான்கே கவுன்ட்தான், அதாவது தாளத்தில் நான்கு எண்ணிக்கை. வகுப்பில் எல்லோரும் கையைக் கொண்டுபோகிறார்கள், ஆனால் யார் கையும் மாதுரியின் கை மாதிரி இல்லை. ஆசிரியை பாட்டை நிறுத்துகிறார். ஒவ்வொருவராகப் பின்னால் போய் நின்று, தூக்கியிருக்கும் தோளை மெல்ல அழுத்தி இறக்குகிறார். "மணிக்கட்டு முதல்ல திரும்பட்டும், விரல் அதுக்குப் பின்னாடி வரும், கண்ணு விரலோடயே போகணும்" என்கிறார். மறுபடி பாட்டு. இப்போது அதே நான்கு கவுன்ட், அதே ஆட்கள், ஆனால் அறையே வேறு மாதிரி இருக்கிறது. அதன் பிறகு அவர் இது கதக்கில் எங்கிருந்து வந்தது, சரோஜ் கான் ஏன் கண்ணுக்கு அவ்வளவு வேலை கொடுத்தார் என்று இரண்டு வாக்கியம் சொல்கிறார். இப்படி ஒரு ஆசிரியர் கிடைத்தால், ஹால் பழசாக இருந்தாலும் தூரமாக இருந்தாலும் போங்கள்.

இதற்கு நேர் எதிரான வகுப்பும் நிறைய. ஆசிரியர் முன்னால் நின்று ஆடுவார், நீங்கள் பின்னால் நின்று துரத்துவீர்கள், கடைசிப் பத்து நிமிடம் ரீல்ஸ் எடுப்பார்கள். வீட்டுக்கு வந்தால் ரீல்ஸ் இருக்கும், ஆட்டம் இருக்காது.

நடனப் பள்ளியில் இன்னொரு சிக்கல் ஆண்டு விழா. டெர்மின் முதல் பாதி கற்பதில் போகும். இரண்டாம் பாதி முழுக்க ஃபார்மேஷன்: யார் முன்வரிசை, யார் எந்தக் கவுன்ட்டில் இடம் மாற வேண்டும், யார் எந்தப் பக்கம் வெளியேற வேண்டும். இதற்கும் ஒரு பயன் உண்டு. கூட்டமாக ஆடுவதுதான் இந்தி சினிமா நடனத்தின் உயிர், பக்கத்தில் இருப்பவரின் மூச்சு தெரிந்து ஆடப் பழகுவது பெரிய விஷயம். ஆனால் வருடம் முழுவதும் இதே நடந்தால், மூன்று நிமிடப் பாட்டு ஒன்றில் பின்வரிசையில் நிற்கக் கற்றுக்கொண்டதோடு சரி. சேருவதற்கு முன்பே விழா எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, ஆடைக்குத் தனிப் பணமா, விழாவில் ஆடாமல் வகுப்புக்கு மட்டும் வரலாமா என்று கேட்டுவிடுங்கள். கடைசிக் கேள்விக்கு 'வரலாம்' என்று சொல்லும் பள்ளிகள் மேல் எனக்குத் தனி மரியாதை.

ஜிம் வகுப்பைப் பற்றி ஏளனமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சரீனா ஜெயின் நியூயார்க்கில் 1999இல் ஆரம்பித்த 'மசாலா பாங்ரா'வும், அதற்குப் பின் வந்த 'பாலிஎக்ஸ்' போன்றவையும் நடனப் பள்ளிப் பக்கம் தலைவைத்தே படுக்காத ஆயிரக்கணக்கானவர்களை இந்தப் பாட்டுகளுக்கு ஆட வைத்திருக்கின்றன. அதில் இந்தியர் அல்லாதவர்களும் நிறைய. ஆனால் அதன் இலக்கணமே வேறு. பயிற்றுநர் பாட்டை நிறுத்த மாட்டார், நிறுத்தினால் இதயத் துடிப்பு இறங்கிவிடும். அடுத்த ஸ்டெப் வருவதற்கு நாலு கவுன்ட் முன்பே கையைத் தூக்கிச் சைகை காட்டுவார், நீங்கள் பார்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பல்லவிக்கு ஒரு ஸ்டெப், சரணத்துக்கு ஒரு ஸ்டெப், திரும்பவும் அதே. உங்கள் கை எங்கே இருக்கிறது என்று யாரும் திருத்த மாட்டார்கள், அது அவர்கள் வேலையும் இல்லை. கூச்சம் உள்ளவர்களுக்கு அதுவே பெரிய நிம்மதி. பிரசவத்துக்குப் பிறகு, மருத்துவர் சரி என்று சொன்னபின் உடம்பை மீட்க நினைப்பவர்கள், நாற்பது வயதுக்கு மேல் முதல்முறையாக ஆட வருபவர்கள், ஏற்கெனவே ஜிம்முக்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் இதில் தொடங்கலாம். பாங்ராவின் துள்ளல் முட்டியையும் கணுக்காலையும் பதம் பார்க்கும், நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு ஆடுவது தனிக் கணக்கு. சங்கீத் வட இந்திய வழக்கம்தான், ஆனால் டொராண்டோவிலும் லண்டனிலும் தமிழ்க் கல்யாணங்களுக்குள் அது வந்து சேர்ந்து பல காலம் ஆகிவிட்டது. அதற்கென்று ஒரு கோரியோகிராபரை அமர்த்துவது இருப்பதிலேயே செலவான வழி, மணிக்கணக்கிலோ பாட்டுக் கணக்கிலோ வாங்குவார்கள். நல்லவர் என்றால் அந்தப் பணத்துக்குத் தகுந்த வேலையைச் செய்வார். ஐந்து நிமிடப் பாட்டை ஒரு நிமிடமாக வெட்டி, சித்தப்பா சித்திக்கு இரண்டே ஸ்டெப், மாப்பிள்ளையின் நண்பர்களுக்கு ஒரு பாங்ரா துண்டு, பாட்டிக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைத்தட்டு என்று மிக்ஸ் அமைப்பார். பின்னாலிருந்து எடுத்த வீடியோவை வாட்ஸாப்பில் அனுப்புவார். மூன்று நாடுகளில் இருப்பவர்கள் அதைப் பார்த்துப் பழகி, கல்யாணத்துக்கு முந்தைய நாள்தான் ஒரே அறையில் முதல்முறை சேர்ந்து ஆடுவார்கள். அந்த ரிகர்சலில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் சந்தோஷம் எந்த வகுப்பிலும் கிடைக்காது. ஆனால் அங்கே நடனம் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அதேபோல, ஒரே ஒரு கல்யாணத்தில் ஆடுவதற்காக மட்டும் மூன்று மாத வகுப்பில் சேராதீர்கள். அந்தப் பாட்டு உங்கள் வகுப்பில் வரவே வராது. கையில் பணம் குறைவு என்றால், உள்ளூர் பல்கலைக்கழகக் குழுவில் ஆடும் மாணவர் யாரையாவது பிடியுங்கள். அவர்களுக்குப் பாட்டை வெட்டி ஒட்டவும் தெரியும், ஆடத் தெரியாதவர்களை மேடையில் நிறுத்தவும் தெரியும்.

அந்தக் குழுக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இந்திய நடனப் போட்டிகளுக்கு நல்ல வயது ஆகிவிட்டது. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் 'பாங்ரா ப்ளோஅவுட்' 1993இல் தொடங்கியது. பிறகு ராஸ் என்ற குஜராத்திக் கோலாட்டம், பல பாணிகளைக் கலக்கும் பாலிவுட் ஃப்யூஷன் என்று தனித்தனிப் போட்டிகள் வளர்ந்தன. கல்வி ஆண்டு தொடங்கியதுமே ஆள் எடுப்பார்கள். வகுப்புகள் முடிந்தபின் இரவில், ஹால் கிடைக்காவிட்டால் கார் நிறுத்துமிடத்தில்கூடப் பழகுவார்கள். ஆறு முதல் எட்டு நிமிடத்துக்குள் ஒரு கதை, அதற்குள் ஹிப் ஹாப், கதக், பாங்ரா, கன்டெம்பரரி, பல குழுக்களில் ஒரு குத்துப் பாட்டும். இத்தனையையும் ஒரே உடம்பு மாறி மாறி ஆட வேண்டும். வேறு எந்த வழியிலும் இவ்வளவு வேகமாக வளர முடியாது. வீட்டை விட்டு முதல்முறை வெளியே வந்த பிள்ளைக்கு அது ஒரு குடும்பமாகவும் ஆகிவிடும். விலையும் உண்டு: தூக்கம், படிப்பு, வாரக்கடைசிப் பயணச் செலவு, சில சமயம் கணுக்கால். ஏற்கெனவே ஏதாவது ஒரு நடனப் பழக்கம் இருப்பவர்களுக்குத் தேர்வில் இடம் கிடைப்பது எளிது. உங்கள் மகளோ மகனோ இதில் சேரக் கேட்டால், முதல் செமஸ்டர் மதிப்பெண் வரட்டும் என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் இரண்டாவது முறை கேட்டால் தடுக்காதீர்கள். இந்தக் கதவு நாலு வருடம்தான் திறந்திருக்கும்.

வீடியோ பார்த்துக் கற்பதை ஏதோ இன்றைய சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்கள் டிரினிடாடை நினைத்துப் பார்க்க வேண்டும். 1935இல் அங்கே முதல் இந்திப் படம் திரையிடப்பட்டது. ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்தி பேசுவதையே விட்டுக்கொண்டிருந்த காலம். அவர்களில் பலருக்குத் திரைதான் ஆசிரியர். 1970இல் தொடங்கிய 'மஸ்தானா பஹார்' என்ற தொலைக்காட்சித் திறமைப் போட்டி அந்த ஆட்டங்களுக்கும் பாட்டுகளுக்கும் மேடை கொடுத்தது. இன்றும் அதேதான் நடக்கிறது. 2022இல் நார்வேயின் 'க்விக் ஸ்டைல்' குழு ஒரு கல்யாணத்தில் 'காலா சஷ்மா' பாட்டுக்கு ஆடிய வீடியோ உலகம் முழுக்கப் போனது. படத்தில் இல்லாத, அவர்களுடைய ஹிப் ஹாப் உடம்பிலிருந்து வந்த ஸ்டெப் அது. அதைப் பார்த்து இந்தியாவில் இருப்பவர்கள் ஆடினார்கள்.

ஆனால் திரையைப் பார்த்துக் கற்பதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. சினிமாப் பாட்டு துண்டு துண்டாக எடுக்கப்படுவது. ஒரு ஷாட்டில் முகம், அடுத்ததில் இடுப்புக்கு மேல், அப்புறம் தூரத்திலிருந்து ஐம்பது பேர். கால் எங்கே போகிறது என்று முழுதாகக் காட்டும் ஷாட் அபூர்வம். படத்தை மட்டுமே பார்த்துக் கற்றவர்களைப் பார்த்ததும் தெரிந்துவிடும்: கையும் முகமும் கச்சிதமாக இருக்கும், கால் இருந்த இடத்திலேயே இருக்கும். அதோடு திரையில் இருப்பவரின் வலது உங்களுக்கு இடது. எனவே படத்தை ரசிப்பதற்கு வைத்துக்கொண்டு, கற்பதற்குப் பின்பக்கத்திலிருந்து எடுத்த, வேகத்தைக் குறைத்துப் போடக்கூடிய பயிற்சி வீடியோவைத் தேடுங்கள். வகுப்பே இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கு இது நல்ல வழி. வகுப்பு இருக்கும் ஊரில் இருந்துகொண்டு இதை மட்டும் நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை, தூக்கியிருக்கும் தோளை வீடியோ வந்து இறக்கிவிடாது.

இனி, நம் வீடுகளில் தவறாமல் வரும் கேள்வி: பிள்ளைக்குப் பரதநாட்டியமா, பாலிவுட்டா? இதைப் போட்டியாக வைப்பதே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. வைஜெயந்திமாலா, பத்மினி, வஹீதா ரஹ்மான், ஹேமமாலினி என்று இந்தித் திரையில் நடனத்தை உயர்த்திப் பிடித்தவர்களில் எத்தனை பேர் பரதம் கற்றவர்கள் என்று பாருங்கள். அபிநயம் தெரிந்த பிள்ளை பாலிவுட் வகுப்பில் முதல் நாளே தனியாகத் தெரியும். ஒரே ஒரு தடை உண்டு. பல வருடம் அரைமண்டியில், அதாவது முட்டியை மடக்கிய பரத நிலையில், நிமிர்ந்து நின்று பழகிய உடம்புக்குத் தோளையும் இடுப்பையும் தளர்த்தி விடுவது சிரமம், துள்ளல் வராது. சில மாதத்தில் சரியாகிவிடும், அதற்குள் பிள்ளையை 'உனக்கு இது வரலை' என்று சொல்லிவிடாதீர்கள். பெரியவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்: பாலிவுட் வகுப்பில் ஒரு வருடம் போனபின் தேங்கிவிட்டதாகத் தோன்றினால், அடுத்த பாலிவுட் வகுப்பைத் தேடாமல் வேர்களில் ஒன்றுக்குப் போங்கள். லண்டனில் இருப்பவர்களுக்கு 1972இலிருந்து இயங்கும் பாரதிய வித்யா பவன் இருக்கிறது, கதக்கும் பரதமும் முறையாகக் கற்றுத்தருகிறார்கள். பாங்ரா பிடித்தால் பாங்ரா. ஒரு வருடம் கதக்கின் தத்காரும் (கால் தட்டு) சக்கரும் (சுழற்சி) பழகியவர் மறுபடி சினிமாப் பாட்டுக்கு வரும்போது காலும் சேர்ந்து ஆடும்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று. எட்டு வயதுக் குழந்தைக்கு ஐட்டம் பாட்டு சொல்லிக்கொடுக்கும் வகுப்புகள் இருக்கின்றன. இந்தி தெரியாத வீடுகளில் பாட்டின் வரிகள் யாருக்கும் புரியாமலே மேடை வரை போய்விடும். அந்த டெர்மின் பாட்டு எது என்று கேட்டு, வரிகளின் பொருளைத் தேடிப் படித்துவிட்டுச் சம்மதியுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நல்ல ஆசிரியர் கோபப்பட மாட்டார்.

'பாலிவுட்' என்ற பெயர் எல்லாவற்றையும் விழுங்குவது பற்றியும் எனக்கு வருத்தம் உண்டு. 2020இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் வென்ற மும்பைக் குழு 'வி அன்பீட்டபிள்' ஆடியது 'மரண மாஸ்' என்ற தமிழ்ப் பாட்டுக்கு. 'நாட்டு நாட்டு' தெலுங்குப் பாட்டு, ஆட்டத்தை அமைத்தவர் பிரேம் ரக்ஷித். 2023 ஆஸ்கர் மேடையில் அது ஆடப்பட்டபோது முன்னால் நின்றவர்களில் தெற்காசியர்கள் இல்லை என்று எழுந்த வேதனை நியாயமானது. பல வகுப்புகளில் 'ரவுடி பேபி'யும் பாலிவுட் கணக்கில்தான் போகிறது. அதை அமைத்த பிரபுதேவாவின் பெயரைச் சொல்லாமல் அந்த ஸ்டெப்பைக் கற்றுத்தருபவர், சரோஜ் கானின் பெயரையும் சொல்லாமல்தான் கற்றுத்தருவார். அதனால் முதல் வகுப்பிலேயே, 'இந்த ஸ்டெப்பை யார் அமைத்தது?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் எப்படி வருகிறது என்பதை வைத்தே அந்த இடத்தை எடை போடலாம்.

நடைமுறைக்கு வருவோம். இலவச டிரயல் வகுப்பை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். அன்றைக்கு எல்லாப் பள்ளியும் பிரமாதமாக இருக்கும், எளிதான பாட்டைத்தான் போடுவார்கள். டெர்மின் நடுவில் ஒருநாள் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். பார்க்கும்போது ஆசிரியரைப் பார்க்க வேண்டாம், கடைசி வரிசையைப் பாருங்கள்: அங்கே தடுமாறுபவரிடம் யாராவது போகிறார்களா? தரையையும் பாருங்கள். அழுத்தினால் சற்றுக் கொடுக்கும் மரத்தளம் என்றால் நல்லது. கான்கிரீட் மேல் டைல்ஸ் என்றால் வெறுங்காலோடு துள்ளும் வகுப்பு வேண்டாம். அங்கேயே சேர்ந்தாக வேண்டிய நிலை என்றால், மெல்லிய அடியுள்ள டான்ஸ் ஷூ ஒன்று வாங்கிக்கொண்டு, முதல் டெர்முக்கு மட்டும் பணம் கட்டுங்கள்.